நிமிடக் கணக்கில் கூலி பேசலாமா? இசைக்கோவை எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு கேள்வி

இளங்கோர்வை (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

வணக்கம். ஏழாண்டுகளாக, பிறர் போட்ட மெட்டுக்கு வாத்தியக் கோர்வை (எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு) எழுதிக் கொடுப்பதையும் இடையிடையே சொந்தமாக இசையமைப்பதையும் தவிர எனக்கு வேறு பிழைப்பு இல்லை. வேலைக்குப் பஞ்சமில்லை; ஆனால் உழைத்த மணிநேரத்தையும் வந்த பணத்தையும் அருகருகே எழுதிப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தொடக்கத்திலிருந்தே "முடிந்த இசையில் நிமிடத்துக்கு இவ்வளவு" என்றுதான் கூலி பேசி வந்திருக்கிறேன். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது; அதற்கு மாற்றாக எப்படிப் பேசுவது என்பதுதான் விளங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வேலைக்கு மட்டும் நேரத்தைக் குறித்து வைத்தேன். நான்கு நிமிடப் பாடல், பன்னிரண்டு வாத்தியங்கள். கோர்வை எழுத 11 மணிநேரம் ஆயிற்று. ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனிப் பிரதி பிரித்துச் சீர்செய்ய 5 மணிநேரம். கேட்டு ஒப்புதல் தருவதற்காகக் கணினியில் மாதிரி ஒலிப்பதிவு செய்து கொடுக்க 6 மணிநேரம். இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் மாலை, பாடுபவருக்குத் தொண்டை சரியில்லை என்றும் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். டி மேஜரில் இருந்தது பி மேஜருக்கு இறங்கியது. "மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது, அதற்கு என்ன தனிக் கூலி?" என்று கேட்டார் பொறுப்பாளர். அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு விடியும்வரை 9 மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆக மொத்தம் 31 மணிநேரம். கைக்கு வந்தது நான்கு நிமிடத்துக்கான கூலி.

நீங்கள் எந்த அளவை வைத்துக் கூலி பேசுகிறீர்கள்? திருத்தங்களுக்கு எல்லை வைக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

தம்பி, நேரத்தைக் குறித்து வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். எங்கள் தலைமுறையில் பலர் அந்தக் கணக்கைப் பார்க்கப் பயந்துகொண்டே காலத்தை ஓட்டிவிட்டோம்.

நிமிடக் கணக்கு வேலை கொடுப்பவருக்குச் சுலபமாக விளங்கும். அதனாலேயே அது நிலைத்துவிட்டது. ஆனால் கோர்வை எழுதுபவரின் உழைப்புக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. நிமிடத்துக்கு 60 தட்டு போகும் நான்கு தட்டுத் தாளத்தில் ஒரு நிமிடத்துக்கு 15 பார்கள் (தாளச் சுற்றுகள்) வரும். 180 தட்டு போனால் 45 பார்கள் வரும். காதுக்கு இரண்டும் ஒரு நிமிடம்தான். எழுதும் கைக்கோ மூன்று மடங்கு வேலை. அதிலும் மூன்று வாத்தியம் ஒலிக்கும் பாரும் முப்பது வாத்தியம் ஒலிக்கும் பாரும் ஒன்றாகிவிடாது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் கூலி அட்டவணைகளில் வாத்தியக் கோர்வைக்கு நான்கு பார்கள் கொண்ட பக்கத்தை அளவாக வைத்து, ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களையும் சேர்த்து எழுதிய முழுப் பிரதியில்) வாத்திய வரிகள் கூடக்கூடக் கூலியும் கூடும்படி வகுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். நானும் பல ஆண்டுகளாகப் பக்கக் கணக்கில்தான் பேசுகிறேன். வேலை கொடுப்பவருக்கு அது புரியாவிட்டால், பக்கங்களை நானே மனத்துக்குள் எண்ணிக்கொண்டு மொத்தத் தொகையாகச் சொல்லிவிடுவேன்.

சொந்தமாக இசையமைப்பதற்கு மட்டும் நிமிடக் கணக்கு ஓரளவு பொருந்தும் என்பது என் எண்ணம். மெட்டு அரை மணிநேரத்தில் வரலாம், அரை மாதத்திலும் வராமல் போகலாம். அங்கே உழைப்பை அளக்க எந்த முழக்கோலும் கிடையாது. கோர்வை எழுதுவதோ தச்சு வேலை மாதிரி. மரத்தையும் அளவையும் பார்த்தால் எத்தனை நாள் ஆகும் என்று கைப்பழக்கம் உள்ளவர் சொல்லிவிடலாம்.

இந்த வேலையை மட்டமாகப் பார்ப்பது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. 1840-களின் தொடக்கத்தில் பாரிசில் வறுமையில் கிடந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர், இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் இசைநாடகம் ஒன்றைப் பியானோவுக்கும் வேறு வாத்தியங்களுக்கும் ஏற்றபடி மாற்றியெழுதிப் பதிப்பாளரிடம் கூலி வாங்கித்தான் அடுப்பை எரித்தார். பிறருடைய மெட்டை மாற்றியெழுத நேர்ந்ததே என்ற கசப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கு அந்தக் கசப்பு இல்லை. கூலி மட்டும் சரியாக வந்தால் போதும்.

நோட்டுப்பெட்டி எழுதியது:

நான் பிரதி எடுப்பவன். பிறர் எழுதிய ஸ்கோரிலிருந்து வாத்தியக்காரர்களுக்கான தாள்களைப் பிரித்துத் தருவதே என் வேலை. "ஒரு பொத்தான்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொத்தான் சுரங்களை இறக்கும்; வாத்தியத்தை இறக்காது. வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, இ. டி மேஜரில் இந்த நான்கு சுரங்களும் இருப்பதால் தந்திகள் தாமாகவே சேர்ந்து அதிர்ந்து ஒலிக்கு ஒரு திறப்பைக் கொடுக்கும். பி மேஜருக்கு இறக்கினால் நான்கில் இ மட்டும்தான் மிஞ்சும். கோர்வை எழுதியவர் எந்தப் பளபளப்பை நம்பி எழுதினாரோ அது அப்படியே மங்கிவிடும். இது ஒலியின் தன்மை பற்றியது. அடுத்தது வாசிக்கவே முடியாத சங்கதி. வயலினில் கீழே உள்ள ஜி-க்குக் கீழ் சுரமே கிடையாது. அதன் மேலுள்ள ஏ-யில் போய் முடிகிற ஓர் இசைத்தொடரை ஒன்றரைக் கட்டை இறக்கினால் அது ஜி-க்கும் கீழே உள்ள எஃப் ஷார்ப்பில் வந்து நிற்கும். வயலினில் அதற்கு இடமில்லை. அந்த வரியை, வயலினைவிடக் கீழே இறங்கும் வயோலாவுக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் ஒரு ஸ்தாயி மேலே ஏற்ற வேண்டும். மேலே ஏற்றினால் அங்கே ஏற்கெனவே புல்லாங்குழல் உட்கார்ந்திருக்கும். பிறகு அதை நகர்த்த வேண்டும். ஒரு செங்கல்லை உருவினால் சுவர் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குத் தாளில் எழுதுவது, கேட்பதைவிட ஒரு முழுச்சுரம் மேலே. டி மேஜர் பாட்டு அவருக்கு இ மேஜரில், நான்கு ஷார்ப்புடன் (சுரத்தை அரைச்சுரம் ஏற்றும் குறி; இறக்கும் குறி ஃபிளாட்) இருந்தது. பி மேஜருக்கு இறக்கியதும் மென்பொருள் பொறுப்பாக அவருக்கு சி ஷார்ப் மேஜர் என்று ஏழு ஷார்ப்புகளை அச்சடித்துத் தரும். அதை டி ஃபிளாட் மேஜர் என்று ஐந்து ஃபிளாட்டுகளாக மாற்றியெழுதினால் ஒலி ஒன்றுதான், ஆனால் வாசிப்பவருக்கு மூச்சு வரும். முதல் பார்வையிலேயே வாசித்துப் பதிவுசெய்கிற அறையில் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். பன்னிரண்டு பேர் ஐந்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தால், ஒரு கலைஞரின் ஒரு மணிநேரச் சம்பளம் வீணாகிறது. அதைக் கொடுப்பவர் அந்தப் பொறுப்பாளர்தான். இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள். சுருதி, ஸ்தாயி என்று விளக்குவதைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்.

பக்கம் புரட்டும் இடம் பற்றி ஒரு வரி. இரண்டு கையும் வேலையாக இருக்கும் பாரில் பக்கம் முடிந்தால், அந்த வாத்தியக்காரர் கடைசி இரண்டு சுரத்தை விட்டுவிடுவார். சுருதி மாற்றத்துக்குப் பிறகு இடைவெளிகள் மாறிப் பக்கங்கள் வேறு இடத்தில் உடையும். அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் 9 மணிநேரத்தில் எனக்குச் சிறிதும் வியப்பில்லை.

படச்சட்டம் எழுதியது:

காட்சிக்கு இசையமைப்பவர்களின் நிலைமையையும் சொல்கிறேன். எங்களுக்குச் சுருதி மாறுவதில்லை. கால அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தை நான் விரும்பி வைப்பேன். ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம் வரும் என்பதால் கணக்கு கச்சிதமாக இருக்கும். "தொகுப்பு முடிந்தது, இனி மாறாது" என்ற உறுதியோடு வந்த ஒரு காட்சிக்கு அப்படி எழுதி முடித்தேன். கதவு சாத்தும் இடத்தில் செல்லோவின் நீண்ட சுரம் வந்து இறங்கும். இரண்டு நாள் கழித்து, அந்தக் கதவுக்கு முன்னால் 37 ஃபிரேமை வெட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. ஒன்றரை நொடி; சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இரண்டு தட்டை எடுத்தால் 30 ஃபிரேம் போகும். மீதி 7 ஃபிரேமை எங்காவது கரைக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள எட்டுப் பார்களை, அதாவது 480 ஃபிரேமில் முடிய வேண்டிய 32 தட்டுகளை, 473 ஃபிரேமில் முடியும்படி வேகத்தை 97.4 ஆக்கினேன். கேட்பவருக்கு வேக மாற்றம் தெரியாது. ஆனால் இரண்டு தட்டை எடுத்த இடத்தில்தான் மெட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு இல்லாத மெட்டு முட்டிக்கொண்டு போய்க் கதவில் இடித்தது. கடைசியில் அந்த இசைத்தொடரையே புதிதாக எழுதினேன். பிறகு 37-இல் 12 ஃபிரேமைத் திருப்பிப் போட்டார்கள்.

அதனால் என் ஒப்பந்தத்தில், எந்தத் தேதியிட்ட தொகுப்பை வைத்து எழுதுகிறேன் என்பதையும், அதற்குப் பிறகு ஒரு ஃபிரேம் மாறினாலும் அது புது வேலை என்பதையும் எழுதிவிடுகிறேன். சில இயக்குநர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த வரி இருக்கும் படங்களில் தொகுப்பு அதிசயமாக மாறாமலே நிற்கிறது.

அரைமாத்திரை எழுதியது:

எல்லோரும் கூலியைப் பற்றியே பேசுகிறீர்கள். கூலி ஒருமுறை வருவது. உரிமைத்தொகை திரும்பத் திரும்ப வருவது. இளங்கோர்வை அவர்களின் பதிவில் அந்தச் சொல்லே இல்லாதது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

1847-இல் பாரிசில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், தம் பாடலைத் தமக்குக் காசு தராமல் நிகழ்த்திய விடுதியில், குடித்த பானத்துக்குத் தாமும் காசு தர மறுத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1851-இல் சாசெம் என்ற உரிமைத்தொகை வசூல் சங்கம் பிறந்தது. பொது இடத்தில் இசை ஒலித்தால் எழுதியவருக்குப் பங்கு உண்டு என்ற ஏற்பாடு அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தப் பங்கு பெரும்பாலும் மெட்டையும் வரிகளையும் எழுதியவர்களுக்கே போகிறது. கோர்வை எழுதியவர் தம் பெயரைப் பதிவுசெய்ய ஒப்புதல் பெறாவிட்டால் அவருக்கு ஒன்றும் வராது.

சட்டம் அரேஞ்சரை, அதாவது கோர்வை எழுதுபவரை, மறந்துவிடவில்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, இசையின் மாற்றமைப்புகளையும் மூலப் படைப்புக்கு நிகராகவே காக்கச் சொல்கிறது. அதோடு, மாற்றமைக்க அனுமதி தரும் உரிமை மூலத்தை எழுதியவருக்கே உண்டு என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் நிலை விளங்கும். அனுமதி இல்லாமல் எழுதிய கோர்வையை வைத்து நாம் பிழைக்க முடியாது. அனுமதியோடு எழுதும்போதும், உரிமையை யார் வைத்துக்கொள்வது என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் "எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்" என்று ஒரே வரியில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். என் கோர்வை ஒன்று பத்தாண்டுகளாக ஒரு நிகழ்ச்சியின் தொடக்க இசையாக ஒலிக்கிறது. எனக்கு அதிலிருந்து வந்தது முதல் நாள் வந்த தொகை மட்டுமே.

காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படைப்புகளை மாற்றியெழுதி விற்பதும் ஒரு வழிதான், அங்கே உங்கள் கோர்வைக்கான உரிமை முழுவதும் உங்களுடையது. ஆனால் மூலத்தைத்தான் பார்த்து எழுத வேண்டும். இன்னொருவர் அண்மையில் திருத்திய பதிப்பையோ, வேறொரு அரேஞ்சரின் கோர்வையையோ பார்த்து எழுதினால் அதற்கு அவர்களுடைய உரிமை குறுக்கே நிற்கும்.

காட்சிக்கு எழுதுபவர்கள், எந்த இசை எத்தனை நொடி ஒலித்தது, அதை எழுதியவர் யார் என்று குறிக்கும் க்யூ ஷீட்டை ஒருமுறையாவது தாமே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் தொகை யாருக்கும் போகாமல் தேங்கிவிடும்.

பகல்வேலை எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இத்தனை கணக்கும் போட்டு இசையை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டுமா? நான் ஐந்தாண்டுகள் முழுநேரமாக இசையமைத்தேன். பிறகு ஓர் அலுவலக வேலையில் சேர்ந்தேன். அதன் பிறகு எழுதியவைதான் என் பெயர் சொல்லும்படி இருக்கின்றன. மேற்கத்திய இசையமைப்பாளர்களைப் பாருங்கள்: சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் நடத்தினார். போரோடின் வேதியியலாளர். பிலிப் கிளாஸ் பெயர் வாங்கிய பிறகும் சில காலம் டாக்சி ஓட்டினார். யாரும் அவர்களை அரைகுறை இசைக்காரர்கள் என்று சொல்வதில்லை.

கீழ்ஸ்தாயி எழுதியது:

உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது; ஆனால் நீங்கள் சொன்ன மூவரும் தம் சொந்த இசையை எழுதியவர்கள். கோர்வை எழுதும் கை தினமும் ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குச் சுருதி மாற்றம் கேட்டால் "நாளை அலுவலகம் இருக்கிறது" என்று அரேஞ்சர் சொல்ல முடியாது. பகல் வேலை இசையமைப்பாளரை விடுதலை செய்யலாம். அரேஞ்சரை அது இந்தத் தொழிலிலிருந்தே விடுவித்துவிடும்.

இளங்கோர்வை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அரைமாத்திரை அவர்கள் சொன்னது சரிதான். உரிமை பற்றி நான் இதுவரை ஒரு வரி கூடக் கேட்டதில்லை. கேட்டால் வேலை அடுத்தவரிடம் போய்விடும் என்ற பயம்தான் காரணம். இப்போது அந்த அடுத்தவர் மனிதராகக்கூட இருக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் ஒருவர் செயற்கை நுண்ணறிவால் செய்த ஒலிக்கோப்பை அனுப்பி, "எல்லாம் தயாராக இருக்கிறது, வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி எழுதித் தந்தால் போதும்" என்று பாதிக் கூலி சொன்னார். அந்தக் கோப்பில் வயலினா கொம்பு வாத்தியமா என்று பிரித்தறிய முடியாத ஒரு குழம்பல் ஒலி நடுவில் ஓடுகிறது. மூன்றாவது சரணத்தில் தாளம் அரைத்தட்டு நழுவுகிறது. புதிதாக எழுதுவதைவிட அதைக் காதால் கேட்டுப் பிரித்தெழுதுவதுதான் அதிக நேரம் பிடிக்கும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

அந்த வேலையை விட்டுவிடுங்கள். அல்லது "கேட்டுப் பிரித்தெழுதுதல்" என்று தனிப்பெயர் கொடுத்து, மணிநேரக் கணக்கில் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நம் தொழிலில் உள்ள தகராறுகளில் பாதி, செய்த வேலைக்குப் பெயர் வைக்காததால் வருவது. கோர்வை, பிரதி எடுத்தல், மாதிரி ஒலிப்பதிவு, சுருதி மாற்றம் ஆகிய நான்கையும் விலைக்கடிதத்தில் நான்கு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். எழுதியபின் ஒரு வரிக்குத் தொகை வேண்டாம் என்று நீங்களே விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. விட்டுக்கொடுத்தது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

திருத்தம் இரண்டு சுற்று. திருத்தம் எல்லாம் ஒரே தாளில், ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும். இது மிக முக்கியம். பாடுபவர் ஒன்று சொல்ல, பொறுப்பாளர் வேறொன்று சொல்ல, இருவருக்கும் நடுவில் நாம் மத்தளமாக வேண்டியதில்லை. சுருதியை உறுதிசெய்யும் தேதியைக் குறியுங்கள்; அதற்குப் பின் மாற்றினால் கோர்வைக் கூலியில் பாதி என்று நான் வைத்திருக்கிறேன். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

உரிமையை முழுவதும் கேட்டு முதல் நாளே சண்டை போட வேண்டாம். பதிவிலும் அச்சிலும் அரேஞ்சர் என்று பெயர் வர வேண்டும், ஒப்புக்கொண்ட பயன்பாட்டைத் தாண்டினால் மறுபடி பேச வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

அரைமாத்திரை எழுதியது:

முழுவதும் கேளுங்கள் என்பதே என் கருத்து. இரண்டாவதாகக் கேட்பதற்கு வாய்ப்பு வருவதே இல்லை. ஐயாவும் நானும் இதில் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

படச்சட்டம் எழுதியது:

சற்று விலகிய செய்தி, ஆனாலும் பிழைப்பு சம்பந்தப்பட்டதுதான். விடியவிடிய ஹெட்போனில் வேலை செய்கிறோம். தொழில்சார் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் ஆய்வகம் பரிந்துரைக்கும் அளவு, 85 டெசிபெலில் எட்டு மணிநேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91 டெசிபெல் என்றால் இரண்டு மணிநேரம்தான். களைப்பு ஏறஏற நாம் ஒலியைக் கூட்டுகிறோம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். எனக்கு வலக்காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் தங்கிவிட்டது. அதன் சுருதி இ-க்குச் சற்று மேலே.

நோட்டுப்பெட்டி எழுதியது:

இன்னொன்று: முடிந்த வேலையை மென்பொருளின் சொந்தக் கோப்பாக மட்டும் வைத்திருக்காமல், வேறு மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் சேமியுங்கள். 1988-இல் தொடங்கிய, இசைக்குறிப்பு எழுதும் ஃபினாலே மென்பொருளின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. பழைய கோர்வையைத் திறக்க முடியாத அரேஞ்சர், அதை மறுபடி வாடகைக்கோ விற்பனைக்கோ விட முடியாது.

இளங்கோர்வை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதிய வேலை ஒன்றுக்குக் கீழ்ஸ்தாயி ஐயா சொன்னபடி நான்கு வரியில் விலைக்கடிதம் எழுதி, பயன்பாட்டைத் தாண்டினால் மறுபேச்சு என்ற நிபந்தனையையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு இரண்டு நாள் கைப்பேசியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பதில் வந்தது. மாதிரி ஒலிப்பதிவு வேண்டாம், பியானோவில் வாசித்துக் காட்டினால் போதும் என்று அந்த வரியை அடித்துவிட்டார்கள். எனக்கு அதில் 6 மணிநேரம் மிச்சம். பெயர் போடச் சம்மதம். இரண்டு சுற்றுத் திருத்தத்தை மூன்றாக்கக் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். முன்பணம் வந்துவிட்டது.

எல்லாப் பக்கத்திலும் கையொப்பம் இருக்கிறது. சுருதியை உறுதிசெய்யும் தேதிக்கு எதிரே மட்டும் இடத்தைக் காலியாக விட்டு, "பாடுபவரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள்.